தண்டையார்பேட்டை வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டை. எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டாவது மாடி. என் பெரியம்மா, அவர் மகள், மருமகன், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என்று நான்கு பேர். குழந்தைக்கு ஆஸ்துமா. ராத்திரி இருமல், விடியற்காலையில் வீசிங், மாதத்தில் சில நாள் பள்ளிக்கூடம் போக முடியாத நிலை. அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏர் பியூரிஃபையர் வாங்கலாம்னு இருக்கோம், இந்த மூணுல எது நல்லதுப்பா?" கூடவே மூன்று மாடல்களின் படங்கள் வந்தன. ஒன்று ஐந்தாயிரத்துக்குள், ஒன்று பன்னிரண்டாயிரத்தை ஒட்டி, ஒன்று முப்பதாயிரத்துக்கு மேல்.

மருத்துவமனைகளின் ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்றோட்ட வசதி அமைக்கும் வேலையில் இருக்கிறேன். மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் மாட்டுவதும், அதில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று சோதிப்பதும் எனக்கு அன்றாடம். அந்த வேலையில் கருவியைப் பற்றிப் பேசும் முன் அறையைத்தான் பார்ப்போம். அறையின் கன அளவு என்ன, தூசி எங்கிருந்து வருகிறது, கதவு எத்தனை தடவை திறக்கிறது. வீட்டுக்கும் அதே வரிசைதான் என்று நினைக்கிறேன். அதனால் "எது நல்லது" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன்.

மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைப்பவை எல்லாம் லேசர் ஒளி துகளில் பட்டுச் சிதறுவதை வைத்து எண்ணிக்கை போடுபவை. ஈரப்பதம் அதிகமானால் துகள்கள் நீரை வாங்கி ஊதிக்கொள்ளும், மீட்டரும் கூட்டிக் காட்டும். கடலோரச் சென்னையில் இது எப்போதும் உள்ள தொல்லை. ஆகவே அது காட்டும் எண்ணை அப்படியே நம்புவதில்லை. ஒரே மீட்டர், ஒரே அறை, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற ஒப்பீட்டுக்கு மட்டும் அது போதும். வெளிக்காற்றுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் ராயபுரம், கொடுங்கையூர், மணலி நிலையங்களின் அளவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் என்ன இருந்தது

பேசப்போகும் துகளின் பெயர் பி.எம். 2.5. அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசி. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். இந்தியாவில் 2009-இல் வகுத்த வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதை மனதில் வைத்துக்கொண்டால், செயலியில் பச்சை நிறம் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க மாட்டோம்.

சாயங்காலம் போனபோது படுக்கையறையில் மீட்டர் வெளிக்காற்றை ஒட்டியே இருந்தது. ஏழு மணிக்குப் பெரியம்மா கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி ஏற்றி வைத்தார், ஜன்னலையும் கதவையும் சாத்தினார். தலையணை உயரத்தில் வைத்திருந்த மீட்டர் கண்ணெதிரே ஏறத் தொடங்கி மூன்று இலக்கத்தை எட்டி, அங்கேயே நின்றது. வத்தி அணைந்து வெகுநேரம் கழித்தும் இறங்கவில்லை. அந்தக் கட்டிலில்தான் குழந்தை படுக்கிறாள்.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்து 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரு வத்தி முழுதாக எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று கணக்கிட்டது. ஆஸ்துமா குழந்தை தூங்கும் மூடிய அறையில் தினமும் இது நடந்துகொண்டிருந்தது. இதை நிறுத்தாமல் எந்த விலைக்கு எந்த மெஷின் வாங்கினாலும், ஃபில்டரை நாமே புகை போட்டு அடைப்பதாகத்தான் முடியும்.

பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபமில்லை, கவலை. "வத்தி இல்லாம எப்படிப்பா தூங்குறது? கொசு கடிச்சு டெங்கு வந்தா யாரு பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. கொசுவை விட்டுவிட்டுப் புகையை மட்டும் பேசுவது பாதி வேலை. அந்த வாரமே ஜன்னல்களுக்கு வெல்க்ரோ வைத்த கொசுவலை அடித்தோம், கட்டிலுக்கு மேலே ஒரு வலையும் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்தச் சொல்லவில்லை. அதை இருட்டும் முன்பே, பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் போடுவதாகப் பெரியம்மாவே சொன்னார். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும், தாளிக்கும்போது போடாமல் புகை ஹாலுக்கு வந்த பிறகு போடுவது வழக்கம். அடுப்பு பற்ற வைக்கும்போதே போட்டு, இறக்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொன்னேன்.

வெளியிலிருந்து வருவது தனிக் கணக்கு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரி முழுக்க இந்தப் பக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். கொடுங்கையூர் குப்பைமேடு எரிந்தால் அந்தப் புகையும் வரும். இரவிலும் அதிகாலையிலும் தரையை ஒட்டிய காற்று மேலே எழும்பிக் கலக்காமல் கீழேயே தங்கிவிடுவதால் மாசு தேங்கும். நண்பகலுக்கு மேல் கடற்காற்று வீசத் தொடங்கியதும் கலைந்துவிடும். அக்கா வீட்டில் பழக்கம் தலைகீழாக இருந்தது. "காலைக் காத்து நல்லது" என்று விடியற்காலையில் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, மத்தியானம் வெயிலுக்கு மூடிவிடுவார்கள். அதை மாற்றினோம். மத்தியானத்துக்கு மேல் திறப்பது, லாரி நடமாட்டம் கூடும் நேரத்துக்கு முன் மூடுவது.

அப்புறம் மெத்தை. மருத்துவர் எடுத்த தோல் பரிசோதனையில் குழந்தைக்கு ஒவ்வாதது என்று வந்தவை இரண்டு: வீட்டுத்தூசி உண்ணி, கரப்பான். ஏர் பியூரிஃபையர் விற்பவர்கள் உண்ணியின் பெரிதாக்கிய படத்தைப் போட்டுத்தான் விற்கிறார்கள். ஆனால் உண்ணியின் எச்சம் சுமந்துவரும் துகள் பெரும்பாலும் பெரியது, கனமானது. மெத்தையைத் தட்டும்போது எழும்பும், சில நிமிடத்தில் மறுபடி படுக்கையிலேயே விழும். மூலையில் நிற்கும் மெஷினின் வாய்வரைக்கும் அது போய்ச் சேர்வதில்லை. குழந்தையின் மூக்கோ தலையணையில் புதைந்திருக்கிறது. இதற்கு வழி ஜிப் வைத்த உறை, வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி சூட்டில் விரிப்பும் தலையணை உறையும் துவைப்பது. கீஸரின் அளவை ஏற்றி ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் போதும். பல வருடமாகப் புரண்ட இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துவிட்டார்கள். கரப்பானுக்கு ஜெல் வைத்தாயிற்று.

இத்தனைக்குப் பிறகு மிஞ்சியது எது? ராத்திரி ஜன்னல் இடுக்கு வழியாக வரும் லாரிப் புகையும் நுண்தூசியும். அதை மட்டும்தான் மெஷின் பார்க்க வேண்டும். அதற்கு மெஷின் உண்மையிலேயே உதவும்.

எந்தக் கருவி, எந்தக் கணக்கு

மூன்று விளம்பரங்களிலும் முதலில் கண்ணில் படுவது "99.97%" என்ற எண். ஹெப்பா 1940-களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகளைப் பிடிக்க உருவானது. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க வரையறை. ஐரோப்பிய வகைப்பாட்டில் எச்13 என்றால் பிடிக்கக் கடினமான அளவில் 99.95 சதவீதம். அந்த 0.3-ஐ ஒட்டிய அளவுதான் ஃபில்டருக்கு ஆகக் கஷ்டமானது. அதைவிடப் பெரியவை நேராகப் போய் இழையில் மோதிக்கொள்ளும். அதைவிட மிகச் சிறியவை காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டுத் தாறுமாறாக அலைந்து எங்காவது ஒட்டிக்கொள்ளும்.

தியேட்டரில் அந்தச் சதவீதம் எனக்கு உயிர்நாடி. அங்கே ஃபில்டரைத் தாண்டிய காற்று நேராக அறுவை நடக்கும் இடத்தின் மேல் இறங்குகிறது, இரண்டாவது வாய்ப்பு கிடையாது. வீட்டில் அப்படி இல்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்று மெஷினுக்குள் திரும்பத் திரும்பப் போகிறது. இங்கே முக்கியம், மணிக்கு எவ்வளவு காற்றைச் சுத்தமாக்கித் தள்ளுகிறது என்பது. நல்ல ஃபில்டரும் நோஞ்சான் ஃபேனும் இருந்தால் அறை சுத்தமாகாது. இதை ஒரே எண்ணில் சொல்வதுதான் சி.ஏ.டி.ஆர்., சுத்தக் காற்று வழங்கும் வேகம். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எங்குமே இதை அச்சிடாத மெஷினை அந்த இடத்திலேயே ஒதுக்கிவிடுவேன். முப்பதாயிரத்து மாடல் அப்படித்தான் போயிற்று. அழகாக இருந்தது, ஃபேனாகவும் ஓடுமாம், ஆனால் பெட்டியிலும் இணையப் பக்கத்திலும் சி.ஏ.டி.ஆர். இல்லை.

படுக்கையறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரமும் பத்து அடி. 1,200 கன அடி, ஏறக்குறைய 34 கன மீட்டர். ஆஸ்துமா உள்ளவர் படுக்கும் அறையில் மணிக்கு ஐந்து தடவையாவது முழுக் காற்றும் ஃபில்டர் வழியே போக வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். தியேட்டரில் இருபது. 34-ஐ ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 170 கன மீட்டர். அமெரிக்கத் தயாரிப்பாளர் சங்கமான ஆஹாம் சொல்லும் வழியில் போட்டாலும் இதேதான் வருகிறது: அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு, நிமிடத்துக்குக் கன அடி கணக்கில். 120-க்கு 80. அந்த விதி எட்டு அடி உயர அறைக்கானது, நம் அறை பத்து அடி, ஆகவே 100. ஒரு நிமிடக் கன அடி, மணிக்கு 1.7 கன மீட்டர். மறுபடி 170.

இந்த இரண்டு அலகுகளில்தான் பலர் இடறுகிறார்கள். ஒரு பக்கத்தில் "சி.ஏ.டி.ஆர். 140" என்றும் இன்னொன்றில் "235" என்றும் இருக்கும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகமாக இருக்கலாம். அலகைப் பார்க்காமல் எண்ணை ஒப்பிடக்கூடாது.

ஐந்தாயிரத்து மாடல் மணிக்கு 140 கன மீட்டர். பன்னிரண்டாயிரத்து மாடல் 400. "170 போதும் என்றால் எதற்கு 400?" என்று அத்தான் கேட்டார். காரணம் சத்தம். அச்சிட்ட சி.ஏ.டி.ஆர். முழு வேகத்தில் அளந்தது. முழு வேகத்தில் எந்த மெஷினும் டேபிள் ஃபேனைவிடப் பலமாக இரையும். அதோடு ஒரு குழந்தை தூங்காது, இரண்டாம் நாளே யாராவது வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். தூங்கும்படியான நடு வேகத்தில் பாதிதான் வரும் என்று வைத்துக்கொண்டாலும் 400 மெஷின் 200 தருகிறது, நமக்கு வேண்டியதற்கு மேல். 140 மெஷின் நடு வேகத்தில் 70. மணிக்கு இரண்டு தடவைதான் சுற்றும், ஜன்னல் இடுக்கில் வரும் தூசிக்கே ஈடுகொடுக்காது. சின்ன அறைக்குப் பெரிய மெஷினை வாங்கி மெதுவாக ஓட்டுவதுதான் சரி.

அதே 400 மெஷினின் பெட்டியில் "516 சதுர அடி வரை" என்று இருந்தது. இது எங்கிருந்து வருகிறது என்றால், சீனத் தரநிலை சி.ஏ.டி.ஆரை 0.07 முதல் 0.12 வரையான எண்ணால் பெருக்கி அறையின் சதுர மீட்டரைச் சொல்கிறது. பெரிய எண்ணால் பெருக்கினால் 48 சதுர மீட்டர், அதுவே 516 சதுர அடி. பத்து அடி உயரமுள்ள அந்த அளவு ஹாலில் முழு வேகத்தில் ஓட்டினாலும் மணிக்கு மூன்று தடவைகூடச் சுற்றாது. பெட்டியில் போட்ட சதுர அடியை நம்பி ஹாலுக்கு வாங்கியவர்கள், "ஒண்ணும் தெரியலையே" என்று சொல்வது இதனால்தான்.

அடுத்தது அயனைசர். ஐந்தாயிரத்து மாடலில் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. மின்னேற்றித் துகளை விழவைக்கும் இந்த முறையில் ஓசோன் உண்டாகும் வாய்ப்பு உண்டு. ஓசோன் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். இதற்கு ஒரு பழைய வழக்கே இருக்கிறது. ஷார்ப்பர் இமேஜ் என்ற அமெரிக்க நிறுவனம் அயானிக் பிரீஸ் என்ற, ஃபேன் இல்லாத அயனிக் கருவியை விற்றது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அதைச் சோதித்து, காற்றைச் சுத்தம் செய்வதில் தேறவில்லை என்று எழுதியது. நிறுவனம் 2003-இல் வழக்குப் போட்டது, 2004-இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2005-இல் அதே இதழ் இந்த வகைக் கருவிகள் சில விடும் ஓசோனைப் பற்றி எழுதியது. நிறுவனம் 2008-இல் திவாலாயிற்று. கலிஃபோர்னியா இப்போது வீட்டுக்கருவி விடும் ஓசோனுக்கு பத்து லட்சத்தில் 0.05 பங்கு என்ற வரம்பு வைத்திருக்கிறது. இந்த வீட்டைப் பொறுத்தவரை நான் வரம்பைக்கூடப் பேசவில்லை. இழுப்பு உள்ள குழந்தையின் அறைக்கு அயனைசர் இல்லாதது, அல்லது தனி பட்டனில் நிரந்தரமாக அணைத்து வைக்கக்கூடியது. வாசனை டிரே வைத்ததும் வேண்டாம்.

மூன்றாவது, நாற்றம். சில ராத்திரிகளில் மணலிப் பக்கமிருந்து காற்று வீசும்போது கண் எரிகிற மாதிரி ஒரு ரசாயன நெடி வரும். அக்காவின் ஆசை மெஷின் அதையும் எடுத்துவிடும் என்பது. இங்கே உள்ளதைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. ஹெப்பா வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்கு வைப்பது கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன். இந்த விலை மெஷின்களில் இருப்பது மெல்லிய தேன்கூட்டுத் தகட்டில் ஒட்டிய கொஞ்சம் கரி. சமையல் வாசனையை ஓரளவு குறைக்கும், சீக்கிரம் நிறைந்துவிடும், ஈரக் காற்றில் இன்னும் சீக்கிரம். அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்றவற்றுக்குச் சாதாரணக் கரி அவ்வளவாக உதவாது, ரசாயனம் ஏற்றிய கரி கிலோக் கணக்கில் வேண்டும். நெடி வரும் இரவுகளுக்கு இருக்கும் வழி மூடுவது, நேரத்தைக் குறித்து வைத்து மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் கொடுப்பது. தொழிற்சாலைப் புகையை வீட்டுக்குள் பன்னிரண்டாயிரம் ரூபாயில் தீர்த்துவிட முடியும் என்று ஒரு வடசென்னைக் குடும்பத்திடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செடிகளைப் பற்றியும் கேட்டார்கள். 2019-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வேண்டும் என்று கண்டார்கள். மணி பிளான்ட் அழகுக்கு இருக்கட்டும்.

வாங்கி வைத்த பிறகு

நடு விலை மாடல்தான் வந்தது. பின்கதவைத் திறந்து ஃபில்டரை உருவி, அதைச் சுற்றியிருந்த பாலிதீன் உறையைக் கிழித்தேன். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உறையோடேயே மாதக்கணக்கில் ஓடும் மெஷின்களை சர்வீஸ்காரர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். லைட் எரியும், ஃபேன் சுற்றும், காற்று மட்டும் ஃபில்டருக்குள் போகாது. அப்புறம் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, திரைச்சீலை படாத இடத்தில், கட்டிலுக்கு எதிர் மூலையில் வைத்தோம்.

ஆட்டோ மோடு வேண்டாம் என்றேன். மெஷினின் சென்சார் அதன் உடம்பிலேயே இருக்கிறது. பக்கத்துக் காற்று சுத்தமானதும் "எல்லாம் சரி" என்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கட்டில் பக்கம் தூசி இன்னும் இருக்கும்போதே. படுக்கைக்கு அரை மணி முன் முழு வேகம், படுத்ததும் நடு வேகம், விடியும்வரை மாற்றாமல். தலையணை மேல் வைத்த மீட்டர், முன்பு வெளிக்காற்றோடு சேர்ந்து ஏறி இறங்கியது, இப்போது வெளியே எகிறினாலும் இருபதுக்குக் கீழேயே நின்றது.

ஏ.சி. ஓடும் மூடிய அறையில் மூன்று பேர் படுப்பது இன்னொரு பிரச்சினை. ஸ்பிலிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே குளிர்விக்கிறது. மூச்சில் சேரும் கார்பன் டை ஆக்சைடை ஏர் பியூரிஃபையரும் எடுக்காது. அதனால் ஹால் பக்கக் கதவை நான்கு விரல் அளவு திறந்து வைத்தோம். கொஞ்சம் தூசி வரும்தான், ஆனால் நடு வேகத்திலேயே தேவைக்கு மேல் சுத்தக் காற்று வருவதால் தாங்குகிறது. பெரிய மெஷின் வாங்கியதற்கு இது இரண்டாவது பலன்.

போகி அன்று நல்ல சோதனை. 2018-இல் போகிப் புகைமூட்டத்தில் சென்னைக்கு வந்த விமானங்களைத் திருப்பி விட வேண்டியிருந்தது நினைவிருக்கும். இந்தப் போகிக்குத் தெருவில் பழைய பாய்களோடு யாரோ டயரும் போட்டிருந்தார்கள். பால்கனியில் மீட்டர் முந்நூறைத் தாண்டியது. படுக்கையறையில் முழு வேகத்தில், கதவைச் சுத்தமாக மூடி, அடியிடுக்கில் துணி திணித்து, ஐம்பதுக்குக் கீழே நிறுத்த முடிந்தது. அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. குழந்தையும் பெரியம்மாவும் காலை முழுக்க அந்த அறையிலேயே இருந்தார்கள்.

இருமல் குறைந்ததா என்றால், குறைந்தது. விடியற்காலை வீசிங் இப்போது அபூர்வம். ஆனால் கொசுவத்தி போனது, மெத்தை மாறியது, ஜன்னல் நேரம் மாறியது, மெஷின் வந்தது, தினசரி இன்ஹேலரை ஸ்பேசர் (மருந்தைத் தேக்கி மூச்சோடு இழுக்க உதவும் குழாய்) வைத்து ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்தது, எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்தவை. எதனால் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று: மெஷின் வந்துவிட்டது என்று இன்ஹேலரை நிறுத்தக் கூடாது.

செலவு: முழு வேகத்தில் 40 வாட். ஒரு ராத்திரி பத்து மணி நேரம் அப்படியே ஓடினாலும் 0.4 யூனிட், இரண்டு மாத மின்கணக்கில் 24 யூனிட். பயப்படுகிற அளவு இல்லை. உண்மையான செலவு ஃபில்டர், வருடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாக்கில். வாங்கும்போதே அந்த மாடலுக்கு அசல் ஃபில்டர் சென்னையில் கிடைக்கிறதா என்று பார்த்தோம், அதையும் விலையில் சேர்த்துத்தான் முடிவெடுத்தோம். வெளியே இருக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேக்யூமில் இழுக்கலாம். உள்ளே மடிப்பு மடிப்பாக இருப்பதைக் கழுவக் கூடாது. பெரும்பாலான வீட்டு ஃபில்டர்களின் இழைகளில் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள், அதுதான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. கழுவினால் அது குறைந்துவிடலாம். புகை படிந்தாலும் மெல்ல மங்கும், பார்க்க வெள்ளையாகவே இருக்கும். அதனால் மெஷின் காட்டும் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், அக்கா மாதம் ஒருமுறை அறையை மூடி, முழு வேகத்தில் அரை மணியில் மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வைக்கிறார். இறக்கம் பாதியாகிவிட்டால் ஃபில்டர் மாற்றுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.

ஹாலுக்கும் ஒன்று வாங்கலாமா என்று அத்தான் இப்போது கேட்கிறார். ஹால் சமையலறையோடு சேர்ந்தது, வாசல் கதவு நாள் முழுக்கத் திறந்து மூடுகிறது. அந்தப் பணத்தில் பெரியம்மாவின் அறை ஜன்னலுக்கும் வலை அடித்து, இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். தச்சர் அடுத்த வாரம் வருகிறார்.